கரடி உலவும் மலையில் ஏறும்போது

நீலகிரியில் கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் பாறைச் சரிவு ஏறுகிறவர்கள் அதிகாலையையும் அந்தியையும் தவிர்க்க வேண்டும். கரடிக்கு மோப்பம் கூர்மை, பார்வை மந்தம். காற்று எதிரே வீசினால் நம் வாசனை அதற்கு எட்டாது; அருகில் திடுக்கிட்டால் தாக்கும். ஆகவே புதர் வளைவுகளில் உரக்கப் பேசுங்கள், தடியால் தட்டுங்கள். பகலில் அது பாறை இடுக்குகளில் படுத்திருக்கும். பார்க்காமல் இடுக்கில் கையை விட்டுப் பாறையைப் பிடிக்காதீர்கள். கரடி புதிதாகத் தோண்டிய கரையான் புற்றைக் கண்டால் திரும்பிவிடுவதே நல்லது.

எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள், மரம் ஏறாதீர்கள். தேனுக்காக மரமேறும் விலங்கு அது. முதுகு காட்டாமல் மெல்லப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் குப்புறப் படுத்து, விரல்களைக் கோத்துப் பிடரியை மூடுங்கள். முகம் தரையோடு இருக்கட்டும், முதுகுப்பையைக் கழற்ற வேண்டாம். ரத்தம் பீறிட்டால் துணியால் அழுத்துவதே முதல் வேலை. மற்ற காயங்களைச் சோப்பு நீரில் 15 நிமிடம் கழுவி, ரேபிஸ் தடுப்பூசிக்கு அன்றே மருத்துவமனை செல்லுங்கள்.