நாலு பேருக்கும் ஒரே ஈமெயில் டெம்ப்ளேட்: தண்டர்பேர்டில் செய்யும் விதம்

போன சீசன் தொடக்கத்தில் ஒரு குடும்பத்தைப் பழைய விலைக்கே கடலுக்குக் கூட்டிப்போனோம். பிழை எங்களுடையதுதான். திருகோணமலைக்குப் பக்கத்தில் உப்புவெளியில் ஐந்து அறை வைத்திருக்கிறோம், வருபவர்களைப் புறாத்தீவுக்கும் திமிங்கிலம் பார்க்கவும் போட்டில் அனுப்பிவைக்கிறோம். வரும் ஈமெயில்களுக்கு நான், மச்சாள், தம்பி, பின்னேரத்தில் மட்டும் வரும் ஒரு பெடியன் என்று நாலு பேர் பதில் எழுதுகிறோம். விலை எழுதிய கடிதம் ஆளுக்கொன்றாக இருந்தது. என்னுடையது வேர்டில், மச்சாள் தனக்குத்தானே ஒரு ஈமெயில் அனுப்பி வைத்திருந்தா, தம்பியோ பழைய கடிதம் ஒன்றைத் தேடி எடுத்துப் பெயரை மட்டும் மாற்றி அனுப்புவான். டீசல் ஏறியபோது நான் என்னுடையதை மட்டும் திருத்தினேன். வந்தவர் தம்பி அனுப்பியதைப் போனில் எடுத்துக் காட்டினார், நாங்கள் எழுதிக் கொடுத்த விலைதானே, பேச வாயில்லை.

அதற்குப் பிறகு, நாலு பேரும் ஒரே டெம்ப்ளேட்டை, அதாவது முன்கூட்டியே எழுதி வைத்த மாதிரிக் கடிதத்தை, எடுத்து அனுப்ப இரண்டு கிழமை மினக்கெட்டு ஒரு வழி செய்தோம். உங்கள் இடத்திலும் ஒரே முகவரியிலிருந்து பல பேர் பதில் எழுதுகிறீர்கள் என்றால் இது உதவும். சொந்த டொமைனில் ஒரு பொது ஈமெயில் முகவரியும், ஆளுக்கொரு லாப்டொப்பில் தண்டர்பேர்ட் என்ற ஈமெயில் நிரலும் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தண்டர்பேர்டை நிறுவுவதை விளக்கவில்லை, அது இலவசம், விண்டோஸ், மக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும்.

ஏன் ஜிமெயில் இல்லை என்று கேட்பீர்கள். ஜிமெயிலிலும் டெம்ப்ளேட் இருக்கிறது, செட்டிங்ஸில் அட்வான்ஸ்ட் பகுதிக்குப் போய் இயக்கிவிட்டால் சரி. ஆனால் ஒரு கணக்கில் செய்து வைத்த டெம்ப்ளேட் அடுத்த ஆளின் கணக்குக்குப் போகாது, போன் ஆப்பிலும் வராது. தனி ஆளுக்கு அது போதும். மாதம் மாதம் டொலரில் பணம் வாங்கும் குழுச் சேவைகளும் இருக்கின்றன, ஐந்து அறைக்கு அது எனக்குக் கட்டாது.

முதலில் பார்க்க வேண்டியது: ஐமாப்பா, பொப்பா

நான் முழு இரண்டு நாள் விழுந்து கிடந்த இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

தண்டர்பேர்டில் டெம்ப்ளேட் என்பது ஒரு ஈமெயில்தான். அனுப்பாத ஈமெயில் ஒன்றை டெம்ப்ளேட்ஸ் என்ற போல்டரில் போட்டு வைக்கிறது, அவ்வளவுதான். அந்தப் போல்டர் எங்கே இருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஐமாப் (IMAP), பொப் (POP) என்பவை சேர்வரில் இருக்கும் ஈமெயிலை லாப்டொப்பில் எடுக்கும் இரண்டு முறைகள். கணக்கு ஐமாப் முறையில் இருந்தால் போல்டர் சேர்வரில் இருக்கும், அதே கணக்கைத் திறக்கும் எல்லா லாப்டொப்பிலும் ஒரே டெம்ப்ளேட் தெரியும். பொப் முறையில் இருந்தால் போல்டர் அந்த ஒரு கொம்பியூட்டருக்குள்ளேயே கிடக்கும்.

நான் என் லாப்டொப்பில் ஏழு டெம்ப்ளேட் செய்தேன். மச்சாளின் திரையில் ஏழும் வந்தன. தம்பியின் லாப்டொப்பில் ஒன்றுமில்லை. அவன் செய்ததும் எங்களுக்கு வரவில்லை. இன்டர்நெட் பிழை என்று நினைத்து ரவுட்டரை நாலு தரம் அணைத்துப் போட்டேன். கடைசியில் பார்த்தால், கனகாலத்துக்கு முன் யாரோ அவனுக்குக் கணக்கைப் பொப்பில் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். உள்ளே வரும் கடிதங்கள் எல்லோருக்கும் வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நீங்கள் முதல் நாளே பார்த்துவிடுங்கள். ஒவ்வொரு லாப்டொப்பிலும் அக்கவுண்ட் செட்டிங்ஸ் திறந்து, அந்த முகவரியின் கீழே சேர்வர் செட்டிங்ஸை அழுத்துங்கள். மேலேயே சேர்வர் டைப் என்று இருக்கும், அதற்கு எதிரே ஐமாப் என்று வரவேண்டும். போர்ட் எண்ணும் காட்டிக்கொடுக்கும்: பாதுகாப்பான இணைப்பில் ஐமாப்புக்கு 993, பொப்புக்கு 995.

பொப் என்று இருந்தால் அதை அப்படியே ஐமாப்பாக மாற்ற வழியில்லை. அதே முகவரியை ஐமாப்பில் புதிதாகச் சேர்க்க வேண்டும். பழைய கணக்கை உடனே அழிக்காதீர்கள்! சேர்வரிலிருந்து எப்போதோ அழிந்துபோன பழைய கடிதங்கள் அதற்குள் மட்டுமே இருக்கக்கூடும். தேவையானவற்றை இழுத்துப் புதிய கணக்கின் போல்டருக்குள் விட்டு, சேர்வரில் இடம் நிரம்பாமல் பார்த்து, ஒரு கிழமை கழித்து அழியுங்கள்.

போல்டர் எல்லோருக்கும் ஒன்றுதானா

ஐமாப் என்றாலும் இன்னொரு பொறி இருக்கிறது. அதே அக்கவுண்ட் செட்டிங்ஸில் காப்பீஸ் அண்ட் போல்டர்ஸ் என்ற பகுதி. அங்கே டெம்ப்ளேட்டை எங்கே வைப்பது என்று கேட்கும் இடத்தில் லோக்கல் போல்டர்ஸ் என்று இருந்தால் திரும்பவும் பழைய கதைதான், அந்த லாப்டொப்பை விட்டு வெளியே வராது. உங்கள் பொது முகவரியைத் தெரிவு செய்யுங்கள். சில சேர்வர்களில் ஒருவருக்கு இன்பொக்ஸுக்குக் கீழேயும் இன்னொருவருக்கு வெளியேயும் இரண்டு டெம்ப்ளேட்ஸ் போல்டர் உருவாகிவிடும். அப்படியானால் அதர் என்பதைத் தெரிவு செய்து, எல்லோரும் ஒரே போல்டரைக் கையால் காட்டிக் கொடுங்கள்.

போல்டர் ஒருவருக்குத் தெரியவே இல்லை என்றால், முகவரியின் மேல் வலது கிளிக் செய்து சப்ஸ்கிரைப் என்பதைத் திறந்து அந்தப் போல்டருக்கு டிக் போடுங்கள். முதல் டெம்ப்ளேட்டை யாராவது சேமிக்கும்வரை போல்டரே இல்லாமலும் இருக்கலாம், பதறவேண்டாம்.

டெம்ப்ளேட் செய்வது

புதிய ஈமெயில் ஒன்றைத் திறந்து எழுதுங்கள். பெறுநர் இடத்தை வெறுமையாக விடுங்கள். பைல் மெனுவில் சேவ் ஆஸ், அதற்குள் டெம்ப்ளேட். மெனு தெரியாவிட்டால் ஆல்ட் விசையை அழுத்தினால் வரும். பழக்கதோஷத்தில் கண்ட்ரோலும் எஸ்ஸும் அழுத்தினால் அது டிராஃப்டாகப் போய்விடும். பிறகு எங்கே போனது என்று தேடவேண்டியதுதான்.

பயன்படுத்தும்போது போல்டருக்குள் போய் டெம்ப்ளேட்டை இரட்டைக் கிளிக் செய்தால் அதன் நகல் புதிய ஈமெயிலாகத் திறக்கும். அனுப்பினாலும் மூலம் அப்படியே இருக்கும். மூலத்தையே திருத்த வலது கிளிக்கில் எடிட் டெம்ப்ளேட் என்று தனியாக இருக்கிறது. இந்த இரண்டையும் பெடியனுக்கு விளங்கப்படுத்த எனக்கு மூன்று பின்னேரம் எடுத்தது.

ஒரே டெம்ப்ளேட்டை இரண்டு பேர் ஒரே நேரத்தில் திருத்தாதீர்கள். பூட்டு எதுவும் இல்லை. சேர்வரில் உள்ள ஈமெயிலைத் திருத்துவது என்றால் புதிதாக ஒன்றை வைத்துப் பழையதை அழிப்பதுதான், இரண்டு பேர் செய்தால் இரண்டு பிரதி நிற்கும். எங்களிடம் விலைக் கடிதத்தில் மச்சாள் மட்டும்தான் கை வைப்பா. எனக்கும் அனுமதி இல்லை.

தலைப்பு விஷயத்தில் கவனம்

சப்ஜெக்ட் வரியில் எழுதுவதுதான் பட்டியலில் டெம்ப்ளேட்டின் பெயராகத் தெரியும். அதேதான் வாடிக்கையாளருக்கும் போகும். நான் எனக்கு விளங்கட்டும் என்று "விலை – வெளிநாட்டு ஆட்களுக்கு" என்று ஒன்றுக்குப் பெயர் வைத்திருந்தேன். கடிதம் முழுக்க ஆங்கிலம், சப்ஜெக்ட் மட்டும் தமிழ். அது போய்ச் சேர்ந்தது கனடாவிலிருந்து எழுதிய ஒருவருக்கு, அவர் அழகான தமிழில் பதில் போட்டார்: "தம்பி, உள்ளூர் ஆட்களுக்கு எவ்வளவு?"

புறாத்தீவு தேசிய பூங்கா என்பதால் அங்கே நுழைவுச்சீட்டே உள்ளூராருக்கு ஒரு விலை, வெளிநாட்டாருக்கு ஒரு விலை என்றுதான் இருக்கிறது, அது வனஜீவராசிகள் திணைக்களத்தின் கணக்கு, எங்களுடையது அல்ல. ஆனால் அதை யாரிடம் போய் விளக்குவது? இப்போது சப்ஜெக்ட்டில் வாடிக்கையாளர் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுகிறோம். எங்களுக்கான அடையாளத்துக்கு டேக் நிறங்கள்: தமிழ் பச்சை, சிங்களம் மஞ்சள், ஆங்கிலம் நீலம். நுழைவுச்சீட்டு விலையை டெம்ப்ளேட்டில் எழுதுவதையே விட்டுவிட்டோம், போட் விலையை எழுதி, சீட்டு அன்றைய கட்டணப்படி என்று ஒரு வரி.

வெற்றிடத்தை நிரப்ப மறந்தால்

பெயர், திகதி, ஆட்கள் எண்ணிக்கை ஆகிய இடங்களை முதலில் புள்ளி புள்ளியாக விட்டிருந்தோம். "அன்புள்ள ........ அவர்களுக்கு" என்று அப்படியே போன கடிதங்கள் உண்டு. இதற்கு ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தேன், எனக்கு இதில் கொஞ்சம் பெருமைகூட.

கடிதத்தோடு கோப்பை இணைக்க மறந்தால் எச்சரிக்கும் வசதி தண்டர்பேர்டில் இருக்கிறது. செட்டிங்ஸில் கம்போசிஷன் பகுதியில் அதற்கான சொற்பட்டியல் கிடைக்கும், நமக்கு வேண்டிய சொல்லையும் சேர்க்கலாம். நான் ஃபில்திஸ் (fillthis) என்று ஆங்கில எழுத்தில் ஒட்டி எழுதி அந்தப் பட்டியலில் போட்டேன், வெற்றிடம் உள்ள இடமெல்லாம் அதே சொல். நிரப்பாமல் அனுப்பு பொத்தானை அழுத்தினால் இணைப்பை மறந்துவிட்டீர்களா என்று கேட்கும். கேள்வி பிழை, ஆனால் ஆள் நின்று பார்ப்பார். இந்தச் சொல்லை ஒவ்வொரு லாப்டொப்பிலும் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். ஒரு குறை, கடிதத்தில் ஏற்கனவே இணைப்பு இருந்தால் எச்சரிக்காது, அதனால் வரைபடப் படத்தை இணைக்காமல் லிங்க்காகக் கொடுக்கிறோம்.

தமிழ் டெம்ப்ளேட்டுக்கு மட்டும்

பழைய வேர்ட் கோப்பிலிருந்து எடுத்து ஒட்டுகிறீர்கள் என்றால் அது பாமினி என்ற பழைய எழுத்துருவா, எல்லா இடத்திலும் தமிழாகத் தெரியும் யூனிகோடா என்று முதலில் பாருங்கள். பாமினியில் தட்டியது உங்கள் லாப்டொப்பில் தமிழாகத் தெரியும், அந்த எழுத்துரு இல்லாதவருக்கு ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை போலத் தெரியும். இணையத்தில் மாற்றிகள் இருக்கின்றன, மாற்றியபின் ஒருதரம் முழுதாக வாசியுங்கள். ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வேர்டின் நிறமும் அளவும் கூடவே வராது.

பின்சேர்க்கை: பதிலாகப் போவதில்லையே?

இதைப் பார்த்துச் செய்த இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். டெம்ப்ளேட்டைத் திறந்தால் அது புதிய ஈமெயில், வந்த கடிதத்துக்கான பதில் அல்ல, வாடிக்கையாளருக்கு இரண்டு வெவ்வேறு உரையாடலாகத் தெரிகிறது. உண்மைதான், நான் எழுத மறந்துவிட்டேன். நாங்கள் ரிப்ளை திறந்து, டெம்ப்ளேட்டிலிருந்து பிரதி எடுத்து அதில் ஒட்டுகிறோம். குவிக்டெக்ஸ்ட் என்ற இணைப்பு நிரலைப் போட்டால் ரிப்ளைக்குள்ளேயே ஒரே கிளிக்கில் வரும், பெறுநரின் பெயரையும் தானே நிரப்பும், நல்ல சாமான். ஆனால் அதன் டெம்ப்ளேட்டுகள் அந்தந்த லாப்டொப்பில்தான் இருக்கும், ஒன்றிலிருந்து ஏற்றுமதி செய்து மற்றதில் இறக்க வேண்டும். அதனால் வழி சொல்வது, ரயிலிலிருந்து இறங்கி எப்படி வருவது, கன்னியா வெந்நீரூற்றுக்கு எப்போது போகலாம் போன்ற மாறாத கடிதங்களுக்கு மட்டும் அதைப் பயன்படுத்துகிறோம். விலை உள்ள எதையும் அதில் போட மச்சாள் விடுவதில்லை.