மாடியில் கருப்புக் கோடுகளா? தேய்ப்பதற்கு முன் ஒரு சொம்புத் தண்ணீர்

சில வருடங்களுக்கு முன், சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டை மாடியைப் பார்த்த பெயின்டர், "வெறும் அழுக்குங்க, ரெண்டு கோட் அடிச்சா போயிரும்" என்றார். அடித்தோம். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் அதே இடத்தில் அதே கோடுகள். காசு போன பிறகுதான் கறையைப் பற்றி விசாரிக்கவே ஆரம்பித்தேன்.

முதலில், என்ன கறை என்று பாருங்கள்

வெயிலில் நன்றாகக் காய்ந்த கருப்புத் திட்டு ஒன்றின் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றிவிட்டு, கீழே போய் டீ குடித்துவிட்டு வாருங்கள். ஊற்றும்போது சொரசொரப்பாக, அப்பளம் கருகினது போல இருந்த திட்டு இப்போது ஊறி, விரல் வைத்தால் வழுக்கும். நகத்தால் சுரண்டினால் உள்ளே லேசாகப் பச்சை தெரியும். அப்படியானால் அது அழுக்கு இல்லை, உயிருள்ள பாசி. நீலப்பச்சைப் பாசி என்று பள்ளியில் படித்திருப்போமே, அந்த வகை. சேலத்து வெயிலைத் தாங்குவதற்காக அது தன் மேல் ஒரு கருநிறச் சாயத்தைப் போர்த்திக்கொள்கிறது. பச்சையாக இருக்க வேண்டிய பாசி கருப்பாகத் தெரிவது அதனால்தான். வெயிலில் செத்துவிடும் என்று நினைக்காதீர்கள். மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, முதல் மழைக்கு எழுந்துகொள்ளும்.

தண்ணீர் ஊற்றியும் மாறாமல், விரலில் கரித்தூளாக ஒட்டினால் அது புகைக்கரி. மாடியில் விறகடுப்பு வைத்துத் தண்ணீர் காய்ச்சும் வீடுகளில் பார்க்கலாம். சோப்புத் தண்ணீரே போதும். இலை வடிவத்தில் அச்சடித்தது போலப் பழுப்புக் கறை இருந்தால் பக்கத்தில் பாதாம் மரம் இருக்கிறதா பாருங்கள். உதிர்ந்த இலை ஈரத்தில் ஊறிச் சாயம் விட்டிருக்கும். வெயிலில் தானாகவே மங்கும். வெள்ளையாகப் பூத்திருப்பது சிமென்ட்டில் இருந்து வரும் உப்பு.

செம்பழுப்புக் கோட்டை மட்டும் அலட்சியப்படுத்த வேண்டாம். டிஷ் கம்பி, டேங்க் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்தால் வெறும் துருதான். விரிசலில் இருந்தோ மாடியின் அடிப்பக்கத்தில் இருந்தோ வந்தால் கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி துருப்பிடிக்கிறது என்று அர்த்தம். கழுவிவிட்டு மறந்துவிடாமல் ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.

பிறகு, எங்கிருந்து தண்ணீர் வருகிறது

நான் கோட்டைவிட்டது இங்கேதான். எங்கள் கைப்பிடிச் சுவரின் தலை தட்டையாக இருந்தது. வருடம் முழுக்கப் புழுதி அதில் படியும். மழை அதைக் கரைத்து வெளிப்புறமாக வழியவிடும். வழிகிற தடத்தில் ஈரம் அதிக நேரம் நிற்கும், அங்கே பாசி குடியேறும். டேங்க் நிரம்பி வழிகிற இடத்திலும் இதே கதைதான்.

ஏற்காட்டில் இது இன்னும் தீவிரம். சுமார் 1,500 மீட்டர் உயரம், பனிமூட்டம், மேலே சில்வர் ஓக் நிழல். மஞ்சக்குட்டையில் என் சித்தி வீட்டு ஓடு மத்தியானம் வரை காயாது. அங்கே பாசியோடு சாம்பல் நிறத்தில் வட்ட வட்டமாக லைக்கனும் (பாசியும் பூஞ்சையும் ஒன்றாகச் சேர்ந்து வாழ்வது) வளரும். பிரியாணிக்குப் போடுகிறோமே கல்பாசி, அதுவும் ஒரு லைக்கன்தான். அதற்காகக் கூரையில் இருப்பதைச் சுரண்டி மசாலாவில் போட்டுவிடாதீர்கள்!

இப்போது கழுவலாம்

மாடி மழைநீர் போகும் தொட்டியின் குழாயை முதலில் திருப்பிவிடுங்கள். 2003-இல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதில் இருந்து பெரும்பாலான வீடுகளில் அது இருக்கிறது, கழுவும்போது பலருக்கும் நினைவு வருவதில்லை. கீழே இருக்கும் மல்லிகைச் செடிக்கும் நிறையத் தண்ணீர் ஊற்றி, ஒரு தார்ப்பாயால் மூடிவிடுங்கள்.

10 லிட்டர் வாளித் தண்ணீரில் சுமார் 100 கிராம் ப்ளீச்சிங் பவுடரைக் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த தண்ணீரை மட்டும் பாசியில் தெளியுங்கள். 20 நிமிடம் கழித்துச் சீமாறால் தேய்த்து, நன்றாக அலசிவிடுங்கள். கையுறை, கண்ணாடி கட்டாயம். இதோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது, விஷவாயு வரும். கம்பி பிரஷ்ஷும் வேண்டாம். அது போட்ட கீறல்தான் அடுத்த பாசிக்கு வீடு. நனைந்த பாசி எண்ணெய் மாதிரி வழுக்கும், அதனால் காய்ந்த பக்கத்தில் நின்றுகொண்டு வேலை செய்யுங்கள்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை என்றால் தேய்க்கவும் வேண்டாம், மேலே ஏறவும் வேண்டாம். மிதித்தால் உடையும், தேய்த்தால் கிளம்புகிற இழை நுரையீரலுக்கு ஆபத்து.

கடைசியாக பெயின்ட்

கொத்தனாரை விட்டுச் சுவரின் தலைக்கு மாடிப்பக்கம் சரிவு வைத்துப் பூசச் சொன்னேன். தை மாதம் மாடி நன்றாகக் காய்ந்ததும் அதே பெயின்டரைத்தான் கூப்பிட்டேன். சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத அப்பவே செஞ்சிருக்கலாமேங்க" என்றார்.