சுருட்டை முடியின் நீளத்தைக் காப்பது எப்படி?

சுருட்டை முடி வளர்வதே இல்லை என்று வருந்துவோர் பலர். தலைமுடி பொதுவாக மாதத்திற்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது, வளர்ந்த அளவுக்கு நுனி ஒடிந்துவிடுவதால் நீளம் கண்ணுக்குத் தெரிவதில்லை. தலையில் சுரக்கும் எண்ணெய்ப்பசை அத்தனை வளைவுகளையும் கடந்து நுனியை எட்டுவது கடினம் என்பதால், முடியின் மிகப் பழைய பகுதியான நுனியே முதலில் வறண்டு போகிறது.

சேலத்தில் ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் தலைக்குக் குளிப்பவர்கள், கடைசி அலசலுக்காவது காவிரிக் குடிநீரைப் பயன்படுத்துவது நல்லது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் முடியில் படிந்து அதைச் சொரசொரப்பாக்குகின்றன. குளிப்பதற்குச் சில மணி நேரம் முன்பு நுனிவரை தேங்காய் எண்ணெய் தடவினால், அது முடிக்குள் ஊடுருவி, கழுவும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கும்.

சிக்கெடுக்கும்போதுதான் பெரும் சேதம் நேர்கிறது. கண்டிஷனர் தடவிய ஈர முடியை நான்கு பாகங்களாகப் பிரித்து, சிக்குக்கு மேலே ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, அகலமான பல் கொண்ட சீப்பால் நுனியிலிருந்து சிறிது சிறிதாக மேலேறி வார வேண்டும். உலர்ந்த முடியில் சீப்பே படக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏற்காட்டில் மூடுபனி இறங்கும் நாட்களில் முடி ஈரத்தை உறிஞ்சிப் பொங்கும். அப்போது திரும்பத் திரும்ப வாராமல், நெற்றியோரத்தை இழுக்காத தளர்வான பின்னலாகப் போட்டு விட்டுவிடுங்கள்.