ஊமல்கரியில் பசளை ஊறவைத்து மெல்ல விடுவது எப்படி

யாழ்ப்பாணத்து வலிகாமச் செம்மண்ணில் யூரியாவை எறிந்து உடனே நிறையத் தண்ணீர் கட்டினால், பயிர் எடுத்தது போக மிச்சம் சுண்ணக்கல் வெடிப்புகளுக்குள்ளால் இறங்கிக் கிணற்றுக்குத்தான் போகும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம், தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற எங்கள் கிணறுகள் பல அதைத் தாண்டியவை. பசளையைப் பிடித்து வைத்து மெல்ல விடுகிற சாமான் ஒன்று வேண்டும், கரி அதைச் செய்யும்.

கரியாக்குவதற்குப் பனங்கிழங்கு கிண்டி முடிய மிஞ்சுகிற ஊமல் (பனங்கொட்டைக் கோது), பிடுங்கிய மிளகாய்ச் செடி, புகையிலைத் தண்டு எல்லாம் சரி. புகையிலைத் தண்டைப் பச்சையாகத் தாட்டால் தேமல் வைரஸ் மிளகாய்க்கும் தக்காளிக்கும் தொற்றலாம், கரியாக்கினால் அந்தப் பயம் இல்லை. உமி இந்த முறைக்குச் சரிவராது, காற்றோட்டமில்லாமல் புகைந்துகொண்டே கிடக்கும். எதுவானாலும் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புகை தாங்காமல் அயல்வீட்டுக்காரர் வேலிக்கு வந்துவிடுவார்.

மேலே ஒரு மீற்றர் அகலம், கீழே ஒடுங்கிப் போகிற மாதிரி முழங்கால் ஆழத்துக்கு ஒரு கிடங்கு வெட்டுங்கள் (கல் முட்டினால் பாதியாக அறுத்த இரும்புப் பரல் போதும்). சுள்ளி போட்டுக் கொழுத்தி, நெருப்புப் பிடித்ததும் ஊமலை மெல்லிய அடுக்காகப் போட்டு, மேலே வெள்ளைச் சாம்பல் பூக்கத் தொடங்கும்போது அடுத்த அடுக்கு, இப்படியே கிடங்கு நிறையும் வரை. மேலே எரிகிற சுவாலை காற்றைக் கீழே விடாது, அதனால்தான் அடியில் உள்ளது சாம்பலாகாமல் கரியாகிறது. கடைசியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கிண்டி, கை வைக்கக் குளிரும் வரை அணையுங்கள், அரைகுறையாக விட்டால் இரவில் திரும்பப் பிடித்து எல்லாம் சாம்பல்தான்.

ஈரமாக இருக்கும்போதே உரப்பைக்குள் போட்டு உலக்கையால் இடித்தால் தூசி பறக்காது. பயறளவு வந்தால் காணும்.

வெறுங்கரியை மட்டும் நேரே தோட்டத்தில் போடாதீர்கள், அது மண்ணில் இருக்கிற பசளையையே இழுத்து வைத்துக்கொண்டு பயிரை மஞ்சளாக்கிவிடும். ஒரு வாளி கரிக்கு ஒரு வாளி உக்கிய மாட்டெரு கலந்து, பிழிந்தால் ஒரு சொட்டு விழும் அளவுக்கு மாட்டுச்சலம் ஊற்றிப் பொலித்தீனால் மூடி 2, 3 கிழமை விடுங்கள். மாடு இல்லாவிட்டால் ஒரு வாளித் தண்ணீரில் ஒரு பிடி யூரியா கரைக்கலாம். மூக்கைத் துளைக்கிற அமோனியா மணம் வந்தால் நைதரசன் காற்றில் போகிறது, இன்னும் கொஞ்சம் எருவும் மண்ணும் போட்டு மூடுங்கள்.

வெங்காயத்துக்குச் சதுர மீற்றருக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை மேல்மண்ணில் கொத்திக் கலக்க வேண்டும், வேர் ஆழம் போகாது. மிளகாய்க்கு நடுகிற குழியில் இரண்டு பிடி. வருடத்துக்கு ஒரு தடவைக்கு மேல் வேண்டாம், சுண்ணாம்பு கூடிய எங்கள் மண்ணில் கரியின் காரமும் சேர்ந்தால் இரும்பும் நாகமும் (துத்தநாகம்) பயிருக்கு எட்டாமல் போய் குருத்திலை வெளிறும். யூரியாவையும் ஒரேயடியாக நிறுத்தாமல், ஒவ்வொரு தவணையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு இலையின் நிறத்தைப் பாருங்கள்.