அப்போஸ்டிலுக்கு அரசுக் கட்டணம் 50 ரூபாய்தான்

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கமிருந்து வளைகுடா வேலைக்குக் கிளம்பும் தம்பிகளே, ஏஜென்ட் கேட்கும் ஆயிரங்களை அப்படியே எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். வெளியுறவு அமைச்சகம் ஒரு சான்றிதழுக்கு அப்போஸ்டில், அதாவது சான்றிதழ் உண்மையானது என்று வெளிநாட்டுக்குக் காட்டும் முத்திரை, போட வாங்குவது 50 ரூபாய். அப்போஸ்டிலை ஏற்காத நாடுகளுக்குப் போடும் சாதாரண அட்டெஸ்டேஷனுக்கு (சான்றொப்பம்) அமைச்சகம் கட்டணமே வாங்குவதில்லை. மனுவை வாங்கி அனுப்பும் நிறுவனத்தின் சேவைக் கட்டணம் தனி.

முதலில் எந்த நாடு என்று பாருங்கள். ஓமன், பஹ்ரைன், 2022 முதல் சவுதி ஆகியவற்றுக்கு அப்போஸ்டில் போதும். துபாய், கத்தார், குவைத் என்றால் அட்டெஸ்டேஷன், அப்புறம் அந்தந்த நாட்டுத் தூதரக முத்திரை. செலவு ஏறுவது அந்தத் தூதரகக் கட்டணத்தில்தான். அதனால் அரசுக் கட்டணம், தூதரகக் கட்டணம், கமிஷன் மூன்றையும் தனித்தனியாக எழுதி ரசீது கேட்டு வாங்குங்கள். வீட்டு நகையை அடகு வைத்துப் புரட்டிய பணம், கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.