பூசணத்தைத் தட்டிவிட்டால் நஞ்சு போகாது: குமரி மழையில் மாட்டுத் தீவனம் காப்பது எப்படி

ஆடிச் சாரலில் பத்து நாள் திறந்து கிடந்த தேங்காய்ப் பிண்ணாக்குச் சாக்கிலிருந்து ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பாருங்கள். வெளியே வழக்கமான பழுப்பு நிறம்தான். உடைந்த இடத்தில் மஞ்சளோடிய பச்சைத் தூசு படிந்து சிக்கு நாற்றம் அடித்தால், அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் வகைப் பூஞ்சை. அது விடும் நஞ்சுதான் அஃப்ளடாக்சின். 1960-இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, கடலைப் பிண்ணாக்கு வழியே முதன்முதலில் பிடிபட்டது இதுதான்.

அந்தக் கட்டியைத் தட்டித் துடைத்து, வெயில் காட்டி, கழுநீரில் ஊறவைத்து மாட்டுக்கு ஊற்றிவிடுவது நம்மூர் வழக்கம். வெயிலில் ஈரம் போகும், நஞ்சு போகாது. கொதிக்க வைத்தாலும் அப்படியே இருக்கும், 200 டிகிரிக்கு மேலும் தாங்குகிற பொருள் அது. பூசணமே கண்ணில் படாத பிண்ணாக்கிலும் நஞ்சு இருக்கலாம். மழையில் சரியாக உலராமல் பூத்த கொப்பராவை ஆட்டினால், பூஞ்சை செக்கில் நசுங்கிப்போகும், நஞ்சு மட்டும் பிண்ணாக்கில் தங்கும். அதனால் விலை மலிவு என்று நிறம் கறுத்த, காறல் வாடை அடிக்கும் பிண்ணாக்கை வாங்குவது லாபமில்லை.

பாலில் என்ன ஆகும் என்பதற்கு ஒரு கணக்கு. கிலோவுக்கு 150 மைக்ரோகிராம் நஞ்சுள்ள பிண்ணாக்கு 2 கிலோ தின்றால் உள்ளே போவது 300 மைக்ரோகிராம். அதில் சுமார் 2 சதவீதம், அதாவது 6 மைக்ரோகிராம், எம்1 என்ற வடிவில் பாலில் இறங்கும். 10 லிட்டர் கறக்கும் மாடு என்றால் லிட்டருக்கு 0.6. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் பாலுக்கு வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5. மாடு நோயாளி போலவே தெரியாது, பால் மட்டும் வரம்பைத் தாண்டியிருக்கும். தீவனத்தை நிறுத்தினால் மூன்று நான்கு நாளில் பால் தெளியும். ஈரல் தேற அதைவிட நாளாகும்.

வெளியே தெரியும் அறிகுறிகள் மெதுவாகவே வரும்: தீவனம் எடுப்பது குறைதல், பால் இறக்கம், மயிர் சிலிர்த்து மங்குதல். கன்றுகளை இது சீக்கிரம் தாக்கும். கழிச்சலோடு முக்கி முக்கி ஆசனவாய் வெளித்தள்ளுவதும் உண்டு. நோய் எதிர்ப்பு குறைவதால் போட்ட தடுப்பூசியும் சரியாகப் பிடிக்காது. எல்லாவற்றிலும் தாங்காதது வாத்துக்குஞ்சு. ஆடு ஓரளவு தாங்கும். செத்த கோழியை அறுத்தால் ஈரல் வெளிறி மஞ்சளாக வீங்கியிருக்கும்.

குமரியின் சிக்கலே இரண்டு பருவமழையும் பெய்வதுதான். விளவங்கோடு, கல்குளம் பக்கம் ஆனியில் தொடங்கும் ஈரப்பதம் கார்த்திகை வரை இறங்குவதில்லை. அதனால் மழைக்காலத்தில் பிண்ணாக்கும் தவிடும் இரண்டு வாரத்துக்கு மேல் வாங்கிச் சேர்க்காதீர்கள். தானியத்தில் ஈரம் 12 சதவீதத்துக்குள், பிண்ணாக்கில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

மக்காச்சோளத்துக்கு வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உப்பை வாணலியில் வறுத்து ஆறவிடுங்கள். உலர்ந்த மூடி போட்ட கண்ணாடி பாட்டிலில் கால்வாசி தானியம், மூன்று ஸ்பூன் உப்பு போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, கால்மணி நேரம் வையுங்கள். பாட்டில் சுவரில் உப்பு ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல். ஒட்டாவிட்டால் 15-க்குள் என்றுதான் பொருள். சேமிக்க அது போதாது, இன்னும் ஒன்றிரண்டு வெயில் காட்டுங்கள். பிண்ணாக்குக்கு இந்தச் சோதனை சரிவராது. நன்கு காய்ந்த கட்டி 'டக்'கென்று உடையும், ஈரமானது நசுங்கும்.

சாக்குகளைச் சிமெண்ட் தரையில் வைக்காதீர்கள். ரப்பர் மரச் சட்டம் அடித்து அரை அடி உயரத்தில், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். தகரக் கூரைக்கு நேர்க்கீழே என்றால் இரவில் கூரை வியர்த்துச் சொட்டும். எல்லாச் சாக்குக்கும் இல்லாமல் மேல்வரிசைக்கு மட்டும் பூசணம் வருவதற்குப் பல இடங்களில் இதுவே காரணம். பழைய சாக்கில் புதுத் தீவனம் கொட்டினால் பழைய வித்துகளையும் சேர்த்துக் கொட்டியதாகும். கழுநீர்த் தொட்டியின் விளிம்பில் ஒட்டிக் காய்ந்த பசையைத் தினமும் தேய்த்துக் கழுவுங்கள், யாரும் பார்க்காத இடம் அது.

கன்னிப்பூ (முதல் போக நெல்) அறுவடை வைக்கோல் மழையில் மாட்டும். அரைகுறையாகக் காய்ந்ததைப் படப்பு போட்டால் உள்ளே சூடேறும். மூன்றாம் நாள் கையை முழங்கை வரை நுழைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு இருந்தால் பிரித்து உலர்த்திவிட்டு மறுபடி போடுங்கள்.

வீட்டிலேயே கலப்புத் தீவனம் அரைப்பவர்கள் 100 கிலோவுக்கு 100 முதல் 200 கிராம் கால்சியம் புரோப்பியோனேட் சேர்க்கலாம். முதலில் 2 கிலோ தவிட்டில் கலந்து, பிறகு மொத்தத்தில் சேர்த்தால்தான் சீராகப் பரவும். இது பூஞ்சை வளராமல் தடுக்கும், ஏற்கெனவே உள்ள நஞ்சைத் தொடாது. நஞ்சைக் குடலில் பிடித்துவைக்க பென்டோனைட் வகைக் களிமண் உண்டு. 100 கிலோவுக்கு அரை முதல் ஒரு கிலோ. அஃப்ளடாக்சினுக்கு நன்றாகக் கேட்கும், பன்றிகளில் சினை உறுப்பை வீங்கவைக்கும் சியராலினோன் போன்ற வேறு பூஞ்சை நஞ்சுகளுக்கு அவ்வளவாகக் கேட்காது. பூத்த தீவனத்தை நல்லதோடு கலந்து தீர்ப்பதற்கு இதை ஒரு சாக்காக வைக்கக் கூடாது.

சந்தேகம் வந்ததும் அந்தத் தீவனத்தை அன்றே நிறுத்தி, பசும்புல்லும் புதுத் தீவனமும் கொடுங்கள். மாற்று மருந்து என்று தனியாக இல்லை. ஈரலுக்கான மருந்தைக் கால்நடை மருத்துவர் முடிவு செய்வார். கெட்டதைக் கோழி கிளறும் குப்பையில் கொட்டாமல், மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஆழமாகப் புதையுங்கள்.

புதைக்கும் முன் மாதிரி எடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. நஞ்சு ஒரே சாக்கில்கூடத் திட்டுத் திட்டாகத்தான் இருக்கும் என்பதால், பத்து இடத்திலிருந்து கைப்பிடி எடுத்துக் கலந்து அரை கிலோ அனுப்புங்கள். துணிப்பையிலோ காகிதப்பையிலோ கட்டுங்கள். பிளாஸ்டிக் கவரில் கட்டினால் வழியிலேயே வியர்த்துப் பூஞ்சை வளரும். அப்போது அறிக்கையில் வருவது உங்கள் கொட்டிலில் இருந்த அளவாக இருக்காது.