அடி, பிடி, விடு: தானே வாசிக்கும் மின் பியானோவை மெருகேற்றுவது எப்படி?

சோலனாய்டு (மின்சாரம் பாய்ந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் சுருள்) பொருத்திய பியானோ முதன்முறை தானாக வாசிக்கும்போது வீட்டில் எல்லோரும் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். இரண்டாம் நாள் குறைகள் காதில் விழத் தொடங்கும். மெல்லிய சுரங்கள் வராமலே போகின்றன. பலமான சுரங்களில் இசையைவிட ‘டொக்’ சத்தம்தான் பெரிதாக இருக்கிறது. எங்கிருந்தோ ‘ஙீ’ என்று ஒரு ரீங்காரம் வேறு. உடனே நமக்குத் தோன்றுவது, வோல்டேஜைக் கூட்டலாம் என்பதுதான். நானும் அதைத்தான் செய்தேன். ஒரு சுருள் புகைந்து, எனாமல் கருகிய வாடை அறையை விட்டுப் போக இரண்டு நாள் ஆனது.

குறை பலத்தில் இல்லை, அந்தப் பலத்தை எப்போது, எவ்வளவு நேரம் கொடுக்கிறோம் என்பதில் இருக்கிறது. இந்தப் பதிவில் நான்கே நான்கு கட்டைகளை வைத்து அதைச் சரிசெய்யப் போகிறோம். அதே முறைதான் 88 கட்டைகளுக்கும்.

சின்னதாக ஒரு பின்கதை. பழைய தானியங்கிப் பியானோக்களில் மின்சாரம் கட்டைகளை நேரடியாகத் தொடவில்லை. 1904-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரிலிருந்து வந்த வெல்ட்டே-மின்யோன் போன்ற கருவிகளில் மின் மோட்டார் காற்றை உறிஞ்சும் வேலையை மட்டும் செய்தது. துளையிட்ட காகிதச் சுருளும் காற்றுமே கட்டைகளை இயக்கின. கட்டைக்குக் கட்டை மின்காந்தச் சுருள் வைக்கும் முறையை 1978-இல் கேசட் நாடாவோடு வந்த பியானோகார்டரும், அப்புறம் யமஹாவின் டிஸ்க்ளேவியரும் வீடுகளுக்குக் கொண்டுவந்தன. நாம் பார்க்கப்போவது இந்தச் சுருள் வகையை.

முதல் படி: சில்லறைக் காசை எடுங்கள்

மின்சாரத்தைத் தொடும் முன் பியானோவைச் சோதியுங்கள். கட்டை மரத்திலேயே இறுக்கம் இருந்தால் எந்த மின்சுற்றும் அதைக் காப்பாற்றாது.

பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை சுமார் 7.7 கிராம். வலது பெடலை மிதித்துக்கொண்டு, கட்டையின் முன்முனையில் ஒவ்வொரு நாணயமாக அடுக்குங்கள். பியானோவை விரலால் லேசாகத் தட்டிவிடுங்கள். ஆறேழு நாணயங்களில், அதாவது ஏறக்குறைய 50 கிராமில், கட்டை மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். மந்தர சுரங்களுக்கு ஒன்று கூடுதலாகத் தேவைப்படலாம். பிறகு மூன்று நாணயங்களை மட்டும் விட்டுவிட்டுக் கட்டையைக் கையால் அமுக்கி விடுங்கள். அது தானாக மேலே வர வேண்டும். வரவில்லை என்றால் எங்கோ உரசல் இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் கட்டைக்குள் ஊசி நுழையும் துளையில் ஒட்டியிருக்கும் கம்பளித் துணிதான் காரணம். சென்னை, யாழ்ப்பாணம் மாதிரி கடலோர ஊர்களில் அது ஈரம் குடித்து உப்பிவிடும். இதைச் சரிசெய்யத் தனிக் குறடு உண்டு. பழக்கம் இல்லையென்றால் பியானோ ட்யூனரிடம் விட்டுவிடுவது நல்லது.

இரண்டாம் படி: சுருள் உட்காரும் இடம்

கட்டை ஒரு நெம்புகோல். முன்னால் நாம் அமுக்கும்போது பின்முனை எழுகிறது. சோலனாய்டு கீழே இருந்து அந்தப் பின்முனையைத் தூக்குகிறது.

சுருளுக்குள் ஓடும் இரும்புத் தண்டைப் பிளஞ்சர் என்பார்கள். அது சுருளுக்கு வெளியே நீண்டிருக்கும்போது இழுவிசை குறைவு, உள்ளே போகப் போகப் பலமடங்கு கூடும். விரல் செய்வதோ வேறு: அது ஆரம்பத்திலிருந்தே கட்டையை முடுக்குகிறது. ஆகவே கட்டை ஓய்வில் இருக்கும்போதே பிளஞ்சர் பாதி வழி உள்ளே வந்திருக்கும்படி சுருளின் உயரத்தை அமையுங்கள். வெள்ளைக் கட்டையின் முன்முனை சுமார் 10 மில்லிமீட்டர் இறங்கும். பின்முனை எவ்வளவு எழுகிறது என்பதை உங்கள் பியானோவிலேயே ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

பிளஞ்சர் முனைக்கும் கட்டைக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் இடைவெளி போதும். அதிகமானால் சுத்தியலால் அடிப்பது போலச் சத்தம் வரும். இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொண்டிருந்தால் கட்டை முழுதாகத் திரும்பி உட்காராது. முனையில் ஃபெல்ட் ஒட்டுங்கள். பிளஞ்சர் திரும்பி விழும் இடத்திலும் ஒரு ஃபெல்ட் வளையம் போடுங்கள், ‘டொக்’ சத்தத்தில் ஒரு பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பிளஞ்சர் இறுதிவரை போய் இரும்போடு இரும்பு ஒட்டாமல் இருக்க நடுவே மெல்லிய பித்தளை வாஷர் ஒன்று வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் நின்ற பிறகும் மிச்சக் காந்தம் அதைப் பிடித்துவைக்கும். எண்ணெய் மட்டும் விடாதீர்கள், தூசி சேர்ந்து பசையாகிவிடும். பென்சில் கிராஃபைட் தூள் போதும்.

மூன்றாம் படி: மின்சுற்று

ஒரு கட்டைக்கு ஒரு மாஸ்ஃபெட் (சுருளுக்குப் போகும் மின்சாரத்தைத் திறந்து மூடும் மின்னணு சுவிட்ச்), ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் விடுவது), இரண்டு ரெசிஸ்டர்கள். ஆர்டுயினோ ஊனோ என்ற, நிரல் எழுதி இயக்கும் சிறு பலகை தரும் 5 வோல்ட் சமிக்ஞையிலேயே முழுதாகத் திறக்கும் மாஸ்ஃபெட் வேண்டும். ஐஆர்எல்இசட் 44என் அப்படிப்பட்டது. கடையில் ஐஆர்எஃப்இசட் 44என் எடுத்துக் கொடுப்பார்கள். ஓர் எழுத்துதான் வித்தியாசம், ஆனால் அது 5 வோல்ட்டில் அரைகுறையாகத் திறந்து சூடாகும்.

மாஸ்ஃபெட்டைத் திறக்கும் கேட் முனைக்கும் ஆர்டுயினோவுக்கும் நடுவே 150 ஓம். கேட்டிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோ ஓம். இந்த இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். அது இல்லையென்றால், ஆர்டுயினோ துவங்கும் அந்த ஒரு கணத்தில் அதன் பின்கள் (இணைப்பு முனைகள்) அந்தரத்தில் தொங்கும், கட்டைகள் எல்லாம் ஒன்றாகத் துள்ளும்.

சுருளுக்குக் குறுக்கே டயோடு கட்டாயம். மின்சாரத்தைத் துண்டித்ததும் சுருளில் எழும் எதிர்வீச்சு மாஸ்ஃபெட்டைக் கொன்றுவிடும். வழக்கமாகக் கிடைக்கும் 1என்4007 இங்கே உதவாது, நாம் பயன்படுத்தப்போகும் வேகத்துக்கு அது மந்தம். எஸ்பி560 போன்ற ஷாட்கி வகையை வாங்குங்கள். 24 வோல்ட் வரும் கம்பியில் ஒரு ஃபியூஸும் இருக்கட்டும்.

நான்காம் படி: அந்த ரீங்காரம்

சுருளுக்கான சக்தியைக் கூட்டிக் குறைக்க ஆர்டுயினோ மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தருகிறது. மின்சாரம் பாயும் நேரத்தின் பங்கைத்தான் டியூட்டி என்கிறோம். 9, 10, 3, 11 ஆகிய பின்களில் இந்தத் துடிப்பு வழக்கமாக நொடிக்கு 490 முறை. பியானோவில் நடு ஸ்தாயி ‘பி’ சுரத்தின் அதிர்வெண் 493.9. ஆக, நீங்கள் எந்தப் பாட்டை வாசித்தாலும் சுருள் தன் பங்குக்குக் கொஞ்சம் இறங்கிய ‘பி’யை இழுத்துக்கொண்டே இருக்கும்! தம்புராவாவது சுருதியோடு சேரும்.

தீர்வு எளிது. அந்த நான்கு பின்களையும் இயக்கும் டைமர் 1, டைமர் 2 இரண்டிலும் பிரிஸ்கேலரை, அதாவது கடிகார வேகத்தை வகுக்கும் எண்ணை, 1 ஆக்கினால் துடிப்பு நொடிக்கு 31,000-ஐத் தாண்டும், மனிதக் காதுக்கு எட்டாது. டைமர் 0-ஐத் தொடாதீர்கள், நேரக் கணக்கு அதில்தான் ஓடுகிறது. நாம் நான்கு கட்டைகளோடு தொடங்குவதற்கும் இந்த நான்கு பின்கள்தான் காரணம். பின்னால் விரிவாக்கும்போது பலரும் 16 வழி கொண்ட பிசிஏ 9685 பலகையை வாங்கிவிடுகிறார்கள். அதன் உச்ச வேகம் சுமார் 1,500 துடிப்புதான், ரீங்காரம் திரும்பி வந்துவிடும்.

ஐந்தாம் படி: அடி, பிடி, விடு

சரி, இப்போது முக்கியமான இடத்துக்கு வந்துவிட்டோம். நிதானமாகப் படியுங்கள்.

பியானோவில் சுத்தியல் கம்பியைத் தொடும்போது கட்டைக்கும் அதற்கும் தொடர்பு இருக்காது. கம்பியை எட்ட ஓரிரு மில்லிமீட்டர் இருக்கும்போதே பொறி அதை விட்டுவிடும். மீதி தூரம் அது வீசப்பட்ட கல் போலத் தானே போகிறது. சுமார் 1700-இல் ஃப்ளாரன்ஸ் நகரில் பார்த்தோலோமியோ கிறிஸ்தோஃபோரி அமைத்த பியானோவின் அடிப்படையே இதுதான். அப்படியானால் சத்தம் பெரிதா சிறிதா என்பதை, விடுபடும் அந்தக் கணத்தில் சுத்தியலுக்கு இருந்த வேகம் மட்டுமே தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு சுருள் எவ்வளவு முக்கினாலும் ஒரு துளி சத்தம் கூடாது. கட்டை அடியில் மோதும் ‘டொக்’தான் கூடும். சுருளும் சூடாகும்.

எனவே ஒவ்வொரு சுரத்தையும் மூன்று துண்டாகப் பிரிக்கிறோம்.

அடி. சுத்தியல் விடுபடும் வரை. முதலில் அடி நேரத்தை 120 மில்லிசெகண்ட் என்று வையுங்கள். டியூட்டியை 20 சதவீதத்தில் தொடங்கி, இரண்டிரண்டாகக் கூட்டி, பத்து முறை அடித்தால் பத்து முறையும் சத்தம் வரும் மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடியுங்கள். அதுதான் அந்தக் கட்டையின் கீழ் எல்லை. பிறகு அடி நேரத்தை 40 ஆக்கி டியூட்டியை ஏற்றுங்கள். ஓரிடத்துக்கு மேல் சுரம் பெரிதாகாமல் ‘டொக்’ மட்டும் பெரிதாகும். அதுதான் மேல் எல்லை. மிடியில் (சுரங்களைத் தகவலாக அனுப்பும் முறை) வரும் 1 முதல் 127 வரையான வேக எண்ணை இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே பரப்புங்கள், அடி நேரத்தையும் அதோடு சேர்த்து 120-இலிருந்து 40-க்குக் குறையவிடுங்கள்.

கட்டைக்குக் கட்டை எல்லை மாறும். என் நான்கு கட்டைகளில் கீழ் எல்லை 38, 41, 36, 52 என்று வந்தது. நான்காவது மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது என்று சர்க்யூட்டை ஒரு மாலை முழுவதும் குடைந்தேன். கடைசியில் நாணயங்களை வைத்துப் பார்த்தால் ஒன்பது வைத்த பிறகுதான் இறங்குகிறது. முதல் படியை அந்தக் கட்டைக்கு மட்டும் சோம்பலில் விட்டிருக்கிறேன்! கம்பளித் துணியைச் சரிசெய்ததும் 40-க்கு வந்தது.

பிடி. அடி முடிந்ததும் கட்டை கீழேயே நிற்க மட்டும் சக்தி போதும். டாம்பர், அதாவது கம்பியின் அதிர்வை அடக்கும் ஃபெல்ட் பட்டை, கம்பியிலிருந்து விலகி நிற்பதற்காகத்தான் அது. பிளஞ்சர் இப்போது நன்றாக உள்ளே இருப்பதால் குறைந்த மின்னோட்டமே தாங்கும். டியூட்டியை இறக்கிக்கொண்டே வந்து, கட்டை எழத் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே நிறுத்துங்கள். கணக்கைப் பாருங்கள்: 24 ஓம் சுருளுக்கு 24 வோல்ட் கொடுத்தால் 1 ஆம்பியர், 24 வாட் வெப்பம். டியூட்டி 25 சதவீதமானால் மின்னோட்டம் கால் ஆம்பியர், வெப்பமோ 1.5 வாட்தான், பதினாறில் ஒரு பங்கு. என் சுருள் புகைந்ததற்கும் இப்போது புகையாமல் இருப்பதற்கும் இடையே உள்ளது இந்த ஒரு வரிக் கணக்கு.

விடு. சுரம் முடிந்ததும் சட்டென்று நிறுத்தினால் கட்டை ‘டப்’பென்று திரும்பி அடிக்கும். 20, 30 மில்லிசெகண்டில் படிப்படியாக இறக்குங்கள். அதே சுரம் உடனே மறுபடி வரப்போகிறது என்றால் மட்டும் நேராக நிறுத்திவிடுங்கள், பிளஞ்சர் திரும்ப நேரம் வேண்டும்.

நிரல் எழுதும்போது இரண்டு எச்சரிக்கைகள். காத்திருக்கும் ‘டிலே’ கட்டளையைப் பயன்படுத்தினால் ஒரு கட்டை காத்திருக்கும் நேரத்தில் மற்றவை உறைந்துபோகும். கடிகார நேரத்தைப் பார்த்துப் பார்த்து இயங்கும்படி எழுதுங்கள். இன்னொன்று, மிடியில் வேகம் 0 என்று வரும் ‘நோட் ஆன்’ உண்மையில் ‘நோட் ஆஃப்’. இதை மறந்தால் கட்டைகள் அமுங்கியபடியே நிற்கும். எதற்கும் எந்தக் கட்டையும் 20 விநாடிக்கு மேல் பிடியில் இருந்தால் தானே விட்டுவிடும்படி ஒரு காவல் வரியும் சேர்த்துவிடுங்கள்.

ஆறாம் படி: தாளம் தப்புவது

இப்போது சத்தம் அழகாக இருக்கும், ஆனால் தாளம் எங்கோ நொண்டும். பலமாக அடித்தால் கட்டை அசைந்து சுமார் 25 மில்லிசெகண்டில் சுத்தியல் கம்பியைத் தொட்டுவிடும். மிக மெல்ல அழுத்தினால் 150-ஐயும் தாண்டும். ஒரே நேரத்தில் அனுப்பிய ஒரு பலத்த சுரமும் ஒரு மெல்லிய சுரமும் தனித்தனியாக விழும். வாசிப்பவரின் விரலுக்கு இது தெரியும், சுருளுக்குத் தெரியாது.

ஆகவே எல்லாச் சுரங்களையும் 200 மில்லிசெகண்ட் தள்ளிப்போடுங்கள். மெல்லிய சுரத்துக்கு அந்த இடைவெளியில் சீக்கிரமாகவும் பலத்த சுரத்துக்குத் தாமதமாகவும் அடியைத் தொடங்குங்கள். டிஸ்க்ளேவியரில் வெளியிலிருந்து வரும் மிடிக்கு 500 மில்லிசெகண்ட் தாமதம் வைத்திருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். எவ்வளவு முந்த வேண்டும் என்பதைக் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து, கணினியில் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்து அளக்கலாம்.

ஏழாம் படி: பவர் சப்ளை

நான்கு கட்டைகளுக்கு 24 வோல்ட், 5 ஆம்பியர் தாராளம். பத்து விரல் போலப் பத்துச் சுருள் சேர்ந்து அடித்தால் 10 ஆம்பியர். சப்ளை தள்ளாடினால் கூட்டுச் சுரங்கள் தனிச் சுரங்களைவிடச் சோனியாகக் கேட்கும். மாஸ்ஃபெட்டுகளுக்கு அருகில் 4,700 மைக்ரோஃபாரட், 50 வோல்ட் கபாசிட்டர் ஒன்றை வைப்பதும், ஒரே நேரத்துச் சுரங்களை ஓரிரு மில்லிசெகண்ட் இடைவெளியில் அடுத்தடுத்துத் தொடங்குவதும் உதவும். அந்த இடைவெளி காதுக்குத் தெரியாது. 230 வோல்ட் பக்கம் திறந்திருக்கும் எதையும் கையில் தொடாதீர்கள், மூடிய பெட்டியோடு வரும் சப்ளையே வாங்குங்கள்.

நான்கும் ஒழுங்காக வந்த பிறகு ஒரே சுரத்தை மெல்ல, நடுத்தரம், பலம் என்று மாற்றி மாற்றி ஒரு மணி நேரம் ஓடவிட்டுச் சுருளைத் தொட்டுப் பாருங்கள். கையை வைத்திருக்க முடிந்தால் சரி. ஒவ்வொரு கட்டையின் கீழ் எல்லை, மேல் எல்லை, பிடி மூன்றையும் தேதியோடு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஏப்ரலில் எடுத்த அளவு கார்த்திகை மழையில் நிற்காது. அப்போது நிரலைத் திறக்கும் முன் நாணயங்களை எடுங்கள்.